பிரகதி ஒதுங்கி இருந்த நாட்கள்

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறாள் பிரகதீஸ்வரி. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நிற்கிறாள். அவள் சேலையை விரித்துக் காட்டும்போது வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு தாடையிலும் சீழ் கட்டிய பருக்கள். ஆறினால் கருந்தழும்பு.

"எல்லாம் சூடு" என்றார் அவள் அம்மா மீனம்மாள். எண்ணெய்ப் பலகாரத்தையும் கருவாட்டையும் நிறுத்தினார். சந்தனம் அரைத்துப் பூசினார். பெண் பார்க்க வந்தவர்கள், "முகம் தெளியட்டும், அப்புறம் பேசுவோம்" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று பிரகதிக்கு மட்டும்தான் தெரியும். மாதவிலக்கு அவளுக்கு ஒழுங்காக வரவில்லை. முதல்முறை தள்ளிப்போனபோதே பக்கத்து வீட்டு அழகியக்கா வேலிக்கு அங்கிட்டு இருந்து கேட்டுவிட்டார்.

"ஏண்டி பிரகதி, இந்த மாசம் வீட்டுக்குத் தூரம் இல்லையா? ஜவுளிக்கடையில யாருடி மாப்பிள்ளை?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மறுநாளே பிரகதி பின்கட்டில் போய்ப் பாயை விரித்தாள். அதன்பின் மாதந்தோறும், வராத விலக்குக்காக ஒதுங்கி உட்கார்ந்தாள். தெரு நம்பியது. அம்மாவும் நம்பினார்.

பருக்கள் கழுத்துக்கு இறங்கிய பிறகு, இந்த ஆவணியில், தாயும் மகளும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். தோல் மருத்துவர் தேவிப்ரியா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"கொழுப்பு கூடியிருக்கு. ஆண் ஹார்மோனும் கூடியிருக்கு."

"ஆம்பளை ஹார்மோனா? எம்மவளுக்கா?"

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் கொஞ்சம் இருக்கும்மா. கூடினா தோல்ல எண்ணெய் அதிகமா சுரக்கும், துவாரம் அடைச்சுப் பரு வரும்."

"அப்ப ரத்தத்துல உள்ள கொழுப்புதான் மூஞ்சியில வழியுதா? நான் எண்ணெய்ய நிறுத்துனது சரிதானே?"

"அது அப்படியே வழியறதில்ல. உள்ள ஒரே கோளாறு கொழுப்பு, ஹார்மோன் ரெண்டையும் கூட்டலாம். பல பேருக்கு அது சினைப்பை நீர்க்கட்டியோட சேர்ந்து வரும். அப்படின்னா மாதவிலக்கும் தள்ளிப்போகும். ஒழுங்கா வருதா?"

பிரகதி வாயைத் திறக்குமுன் மீனம்மாள் முந்திக்கொண்டார்.

"மாசந் தவறாதுங்க. நாந்தானே தட்டுல சோறு வச்சுத் தள்ளுறேன், எனக்குத் தெரியாதா?"

மருத்துவர் எழுதத் தொடங்கினார். "அப்ப அந்தச் சந்தேகம் குறைவுதான். மொதல்ல முகத்துக்கு மட்டும் மருந்து பார்ப்போம்."

பேசாமல் இருந்தால் இந்தக் கேள்வியை இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று பிரகதிக்குத் தெரிந்தது. பின்கட்டும் பாயும் கல்யாணம்வரை தொடரும். நோயும் தொடரும்.

"வரலம்மா."

"என்னத்தா?"

"தை மாசம் வந்ததுதான். அப்புறம் சும்மாதான் உட்கார்ந்தேன்."

"எதுக்குடி?"

"அழகியக்கா அப்படிக் கேட்டாங்க. நீயும் கேட்டுருவியோன்னு பயம்."

கேட்டிருக்கமாட்டேன் என்று மீனம்மாளால் சொல்ல முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"நான் சொன்னத அடிச்சிருங்க டாக்டரம்மா" என்றார் மீனம்மாள். "அவ சொல்றத எழுதுங்க."