இரண்டாவது அக்கி

ஈரக் காவிமண் வாசனை வந்தால் போதும், உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்துவிடுவேன். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடப்பேன்.

என் மனைவியின் தம்பிக்கு விலாவில் அக்கி வந்தபோது முப்பத்து நான்கு வயது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. எங்கள் தீவில் பத்துபஸ்தி என்கிற பகுதியில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் அக்கிக்கு எழுதுவார், நான்தான் கூட்டிப்போனேன். காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களின் மேல் எழுதினார். ஆறியது. எழுத்தின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வந்தது, முதுகில், அகலமாக. மறுபடி எழுதினோம். புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் செதிலாக உரிந்ததை உப்புக்காற்று என்றோம். கையெல்லாம் அரித்த பருக்களைப் பூச்சிக்கடி என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பெயர் இருந்தது. கடலுக்குப் பழி, வெயிலுக்குப் பழி. தோல் கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் காவி பூசிக்கொண்டே இருந்தோம்.

ஆறாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. தோல் டாக்டரம்மா முதுகைப் பார்த்துவிட்டு, "தூஸ்ரி பார்?" என்றார். ஆமாம், இரண்டாவது தடவை என்றேன். இந்த வயதில் அக்கி திரும்பி வந்து, முகமும் இப்படி உரிந்தால், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார், சளிக்கு மருந்து சொல்லுகிற குரலில்.

வெளியே வந்ததும் அவன் செருப்பை மாட்டினான். நாலு மணிக்குக் கப்பல்.

"என்னய என்ன ஆளுன்னு நெனச்சுட்டாங்க அந்தம்மா?"

"ஆள யாரு பாத்தா மாப்ள? முதுகத்தான் பாத்தாங்க."

"கேம்பல் பே போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள இன்னொன்னு வரும். அதுக்கும் நான் ஒரு பேரு வச்சிருவேன்."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. நான் தாழ்வாரத்தில் நடந்தேன், அவன் நின்றான். மணி இரண்டு. இரண்டேகால். பிறகு அவனாகவே ரத்தம் எடுக்கும் அறைப் பக்கம் திரும்பினான்.

தொற்று இருந்தது. பிந்திவிடவில்லை, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு இன்றும் கப்பலுக்குப் போய்வருகிறான். ஆனால் அந்தக் கதவருகே எனக்கு அதெல்லாம் தெரியாது. நானும் உள்ளே நுழையப் பார்த்தேன். கையை நீட்டித் தடுத்தான்.

"உங்களுக்கா எடுக்குறாங்க? ரிசல்ட்ட எங்கிட்ட மட்டுந்தான் சொல்லுவாங்களாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். போங்க மச்சான், இங்க நின்னு தரையத் தேய்க்காதீங்க."