சிவப்புப் பேனா கூட்டிய ஒரு மணி நேரம்

அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வருஷத்துக்கு ஆறு நாள்தான் லீவு எடுப்பார். அந்த ஆறு நாளும் வீட்டில் வேறு யாருக்கும் லீவு கிடையாது. ஊர் சுற்றக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாராகிவிடும். பாலத்துக்கு எத்தனை தூண்? ரயில் எத்தனை நிமிஷம் தாமதம்? பதில்களைக் கட்டில்மேல் பரப்பிவைத்து, சிவப்புப் பேனாவால் திருத்துவார். திருத்தியபின் அப்பீல் கிடையாது.

"லீவுன்னு கூட்டிட்டு வந்து பிள்ளைங்கள வறுத்தெடுக்கிறாரு, ஹெட்மாஸ்டர்" என்பாள் அக்கா.

"சும்மா வேடிக்கை பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்பார் அவர்.

அவர் படிப்பு பத்தாவதோடு நின்றது. அயல்மொழியில் இருந்த கையேடுகளை, அகராதியும் கையுமாக, விரல் வைத்துப் படித்துத்தான் தொழில் கற்றார். பிழைக்க வந்த இடத்தில் தன் பெண்கள் யார் முன்னாலும் திருதிருவென்று விழிக்கக் கூடாது. அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். எனக்கும் அதே பயம் உண்டு என்பதால் நான் அவரைக் கிண்டல் செய்ததில்லை.

காரில் போகும்போது தொழில் பாடமும் நடக்கும். "லிஃப்ட் குழிக்குள்ள நிக்கறப்ப, யார் 'நிறுத்து'ன்னாலும் அப்படியே நிறுத்திடணும். நேத்து சேர்ந்தவன் சொன்னாலும் சரி. ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

அந்த வருஷம் கடற்கரை. கடலுக்குள் ஒரு பாறைத்தீவு, அதன்மேல் பழைய கலங்கரை விளக்கம். நீர் வற்றும்போது மட்டும் அங்கே போகும் கல்பாதை தலைகாட்டும். 'எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும்?' என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. பதினொரு வயதுப் பெரியவள், விடுதிக் கதவில் ஒட்டியிருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து '1:20' என்று எழுதினாள்.

அத்தான் அதைச் சுழித்தார். "கோடைக்கு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்காங்கல்ல? கடலுக்கு அது தெரியுமா? ஒரு மணி நேரம் கூட்டணும்." பக்கத்தில் சிவப்பில் 2:20. ஐந்துக்கு மூன்று.

அவள் என் சட்டையை இழுத்தாள். "மாமா, அட்டவணைக்கு அடியில பொடி எழுத்துல, ஏற்கெனவே கூட்டியாச்சுன்னு போட்டிருந்துச்சே."

"உங்கப்பாவுக்குத் தெரியாததா?" என்றேன். போய்ப் பார்த்திருக்கலாம். இருபது அடி தூரம்தான்.

சின்னவள் காரிலேயே தூங்கிவிட்டதால் அக்கா கரையில் தங்கிக்கொண்டாள். நாங்கள் மூவரும் நடந்தோம்.

தீவில், நிழலை அளந்து கலங்கரை விளக்கத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டேப்பின் ஒரு முனை அவளிடம், மறுமுனை அவரிடம். பாதை தொடங்கும் இடத்தில் நீர்மட்டம் காட்டும் கம்பம் ஒன்று நின்றது. அவள் கண் டேப்பில் இல்லை.

"அப்பா, வந்தப்ப அதுல அஞ்சு வெள்ளைப் பட்டை தெரிஞ்சுது. இப்ப மூணுதான் தெரியுது."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கணக்க முடி."

"தண்ணி ஏறுதுப்பா."

"சாக்கு சொல்லாதே. நிழல் எத்தனை அடி?"

"நிறுத்து!"

அப்பாவை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் அப்படியே நின்றார். டேப் சுருண்டு 'சடக்'கென்று கைக்குள் போனது. கம்பத்தைப் பார்த்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "வா" என்றார்.

முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். பாதை தாழும் நடுப்பகுதியில் தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. மகளைத் தோளில் ஏற்றினார். எனக்கு நீச்சல் தெரியாது. அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காலடியில் கல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பாதையோரம் அடையாளத்துக்கு நட்டிருந்த கழிகளின் நுனி மட்டும் தெரிந்தது.

"இடது பக்கம்பா. இன்னும் இடது. ம், நேரா." மேலிருந்து அவள் சொல்லச் சொல்ல, அவர் கால் வைத்தார்.

அக்கா முழங்காலளவு நீரில் வந்து நின்றிருந்தாள். மகளை வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் கரையேறினாள். திட்டியிருந்தால் தேவலை.

சொட்டச் சொட்ட விடுதிக் கதவுக்குப் போய், பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார் அத்தான். இரண்டு முறை. பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"திருத்தினப்புறம் பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. மாமாகிட்டதான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை கேள்வித்தாள் வராது என்றுதான் நினைத்தோம். வந்தது. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் புதிதாகப் பேனாவால் சேர்க்கப்பட்டிருந்தது: 'நேற்று அப்பா செய்த தவறு என்ன? பத்து மதிப்பெண்.'

பெரியவள் பென்சிலைக் கடித்தபடி நிமிர்ந்தாள்.

"ஒன்னே ஒன்னுதான் எழுதணுமாப்பா?"