ஆணியில் இல்லாத ஜெர்கின்

பனிக்காலம் வந்ததும் சைக்கிளை உள்ளே தூக்கி வைப்பவர்களை வடகோடிப் பனிநாட்டில் இருக்கும் எங்கள் ஔலு ஊரில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்போம். அந்த இளக்காரத்துக்கு எங்கள் தெருவில் தலைவி, பக்கத்து வீட்டு ரௌனி. பள்ளிக்கூடத்தில் சமையற்காரி. மைனஸ் முப்பதானாலும் காலை ஆறு மணிக்கு வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயரோடு கிளம்பி, ஏழு கிலோமீட்டர் மிதித்துப் போய், இருநூறு பிள்ளைகளுக்குச் சூப் வைப்பாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை.

எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலிலும் தெர்மாமீட்டர் தொங்குகிறது. இருந்தும் எதை உடுத்துவது என்று அவளிடம்தான் கேட்போம்.

"மைனஸ் பதினஞ்சா? உடம்ப ஒட்டின கம்பளி பனியன், மேல காத்து புகாத மெல்லிசு ஜெர்கின். முடிஞ்சுது."

"ஸ்வெட்டர் வேண்டாமா ரௌனி?"

"சைக்கிள் மிதிக்கப் போறியா, ஐஸ்ல ஓட்ட போட்டு மீன் பிடிக்க உக்காரப் போறியா?"

வாசலில் நிற்கும்போது உடம்பு நடுங்க வேண்டும் என்பது அவள் சட்டம். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் வேர்க்கும். வேர்த்தபின் நின்றால் அந்த ஈரம் உறையும். அவளுடைய அண்ணன் பத்தொன்பது வயதில் காட்டில் மரம் வெட்டப் போய், கனத்த உடுப்பில் வேர்த்து நனைந்து, களைப்பாற உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், நீராவிக் குளியலறையில், என் முகத்தைப் பார்க்காமல். குளிரைவிட வேர்வைக்குத்தான் அவள் பயந்தாள்.

போன வருஷத்திலிருந்து இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் தைஸ்தோவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தை வாய்விட்டுக் கேட்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. அவனைச் சைக்கிளில் தனியாக விடுகிறாயே என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"சைக்கிளையும் புடுங்கிட்டா அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கும் இர்யா?" என்றாள்.

வேலைக்குப் போகுமுன் அன்றைக்கு அவன் போடவேண்டிய துணியை வரிசையாக நாற்காலியில் அடுக்கி வைப்பாள். முதலில் போடுவது மேலே இருக்கும். ஒன்பதுக்குக் கால் மணி முன்னால் போன் செய்வாள். "நாற்காலியில இருக்கறது மட்டும் போதும். ஆணியில மாட்டினதத் தொடாத." அவன் நீச்சல்குளத்துக்குக் கிளம்புவான். பத்து மணிக்குக் குளத்துக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்துவிட்டானா என்று கேட்டுக்கொள்வாள். இடையிலிருக்கும் அந்த நேரத்தில் அவள் வெட்டிய காய்கறியைப் பார்த்தாலே அவள் பதைப்பு தெரியும் என்று அவளோடு வேலை செய்யும் பெண் சொல்வாள். ஒன்று பெரிசாக இருக்கும், ஒன்று பொடியாக இருக்கும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மைனஸ் இருபத்துநாலு. பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மிதித்து வந்துகொண்டிருந்தேன். ஒன்பதரை மணி, விடியலுக்கு முந்திய நீலம் வானத்தில் இன்னும் கலையவில்லை. ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கவழியின் வாசலில் தைஸ்தோ நின்றிருந்தான். இறகு அடைத்த பெரிய ஜெர்கின், ஜிப் முழுக்கத் திறந்திருந்தது. குரங்குக் குல்லா கையில். தலையிலிருந்து ஆவி பறந்தது.

எங்கள் ஊரில் இது தினமும் பார்க்கிற காட்சி. வேர்த்தவர் ஓரமாக நின்று இரண்டு நிமிஷம் திறந்து ஆறவிடுவார். நின்று விசாரித்தால் சங்கடப்படுவார். நான் தலையசைத்தேன். அவனும் அசைத்தான். 'மூட்டை மாதிரி சுத்திக்கிட்டு வந்திருக்கான், சாயங்காலம் ரௌனிகிட்ட வாங்கிக் கட்டிக்குவான்' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

பத்தேகாலுக்கு ரௌனி கூப்பிட்டாள்.

"அவன் குளத்துக்கு வரலையாம். போனும் எடுக்கல. சாவி உன்கிட்ட இருக்குல்ல, போய் ஆணியப் பாரு."

போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன். அவன் போன் மேஜைமேல் கிடந்தது.

"நாற்காலியில துணி வச்சது வச்சபடி இருக்கு."

"ஆணியில?"

"பெரிய ஜெர்கின் இல்ல."

"பழுப்பு ஸ்வெட்டர், கனமானது?"

"இல்ல."

"கதவுக்குப் பின்னால கட்டம் போட்ட பருத்திச் சட்ட?"

"அதுவும் இல்ல ரௌனி."

வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும் பருத்தி உடம்போடு, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் இறகு. போடாதே போடாதே என்று முப்பத்தோரு வருஷம் அவள் ஊருக்கெல்லாம் சொன்னதை அவன் ஒன்றுவிடாமல் போட்டுப் போயிருந்தான். குளிருக்குப் பயந்திருப்பான், பாவம்.

சொல்லாமல் இருக்க முடியாது.

"நான் அவனப் பாத்தேன். சுரங்கவழிகிட்ட. ஒன்பதரைக்கு."

"எப்படி இருந்தான்?"

"ஜெர்கினத் திறந்துவிட்டு நின்னான். ஆறவிடறான்னு நெனச்சுட்டு வந்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். அவசர நம்பருக்குச் சொல்லு. நான் கிளம்பிட்டேன்."

நான் சுரங்கவழிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் எதிர்த்திசையிலிருந்து வந்தாள். இமை மயிர் வெள்ளையாக உறைந்திருந்தது. சுரங்கவழியின் கைப்பிடிக் கம்பியில் அவனுடைய மஃப்ளர் சுற்றியிருந்தது. பத்தடி தள்ளிக் குல்லா. அங்கிருந்து ஒற்றை டயர் தடம் பாதையை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்கியது. பிர்ச் மரக்கிளையில் ஜெர்கின் ஒழுங்காக மாட்டியிருந்தது. ரௌனி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். உள்பக்கத் துணி வேர்வை உறைந்து பலகையாக விறைத்திருந்தது.

குளிரில் உறைகிறவனுக்குக் கடைசியில் உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், துணியை ஒவ்வொன்றாக அவிழ்ப்பான். வடக்கே பிறந்த எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ஸ்வெட்டர் இருக்கு. சட்ட இருக்கு," என்று அவன் உடம்பில் மிச்சமிருப்பதை எண்ணி அவள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

நாற்பதடியில் ஸ்வெட்டர் கிடந்தது.

"சட்ட இருக்கு," என்றாள்.

ஓடவேண்டும் என்றிருந்தது. ஓடிப் போய் எதைப் பார்ப்போமோ என்ற பயத்தில் கால் எழவில்லை. அவள் ஓடினாள்.

கரையில் கவிழ்த்து வைத்த படகின்மேல் தைஸ்தோ உட்கார்ந்திருந்தான். சைக்கிளை மரத்தில் சாய்த்துப் பூட்டியும் இருந்தான். உதடு நீலம். விரல்கள் மெழுகு நிறம். அவன் நடுங்கவில்லை. உறைகிறவன் நடுங்குவதை நிறுத்திவிட்டால் அது கடைசிக் கட்டம்.

ரௌனி அவனுடைய விறைத்த சட்டையைப் பட்டன் தெறிக்கப் பிய்த்து எறிந்தாள். தன் ஜெர்கினைக் கழற்றினாள், தன் கம்பளி பனியனைக் கழற்றினாள், அவள் உடம்புச் சூட்டோடு அதை அவன் தலைவழியே மாட்டினாள். அந்தக் குளிரில் உள்பாடியோடு நின்றாள். என் ஸ்வெட்டரை அவள் தோளில் போட்டேன். அதையும் எடுத்து அவன் இடுப்பில் சுற்றினாள். நான் அவன் கைகளை என் ஜெர்கினுக்குள் இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டேன். இரண்டு ஐஸ் கட்டிகளைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பாலத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

தைஸ்தோ மெதுவாக அவளை ஏறிட்டுப் பார்த்தான். நாக்கு குழறியது.

"நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா உங்களுக்குக் குளிருமே. இப்படிக் குடுத்துட்டு நின்னா உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?"

தன் ஜெர்கினையும் அவனுக்கு மாட்டி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த ரௌனியின் கை பாதியில் நின்றது. பிறகு அவன் தாடைவரை இழுத்துவிட்டாள்.

"அவர் ஒன்னும் சொல்ல மாட்டாருங்க," என்றாள். "நீங்க கண்ண மட்டும் மூடாதீங்க."