வெள்ளைப் பேப்பரில் நகரும் புள்ளி

சொந்தக்காரர்கள் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளரி வளர்க்கும் பெரிய கண்ணாடிக் கூடங்களில் இலை இலையாகப் புரட்டிப் பூச்சி கண்டுபிடிப்பது அவள் வேலை. கழுத்தில் எந்நேரமும் ஒரு லென்ஸ் தொங்கும். விருந்துக்குப் போனாலும் தட்டிலிருக்கும் கீரையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

வேலை முடிந்து போகும் வழியில் அக்காவின் ரோஜாக் கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அக்காவும் மாமாவும் இருந்த வேலையை விட்டுவிட்டு நம்பி இறங்கிய கொட்டகை. முதல் பூவெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றும் வேலைக் கோட்டைக் கழற்றி வாசலோர ஆணியில் மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துச் செடியின் இலையில் ஊசியால் குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளிகள்.

"தூசி அது. உனக்கு எதைப் பாத்தாலும் கால் முளைச்சிருக்கும்," என்றார் மாமா.

"தூசி நகராது மாமா. ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க."

பேப்பரைக் கீழே பிடித்து இலையைத் தட்டினாள். விழுந்த பொடியில் சில மெல்ல ஊர்ந்தன. லென்ஸில் எட்டுக் கால்கள். உடம்பின் இருபுறமும் கரும்புள்ளி. விரலால் தேய்த்தாள். துருநிறத்தில் கோடு இழுத்தது.

"சிலந்திப்பேன். சாறை உறிஞ்சிட்டு, செடி மேல நூல் கட்டும்."

"புதுச் செடி எதுவும் வாங்கலையே. சன்னல் வலைகூடக் கிழியல. எப்படிடி வந்துச்சு?" என்றாள் அக்கா.

அவள் வரிசையோடு நடந்தாள். உள்ளே செடிகள் நல்ல பச்சை. வாசல் பக்கம் திரும்பி வர வரப் புள்ளிகள் கூடின. ஆணியை ஒட்டிய செடியின் நுனியில் மெல்லிய நூலாம்படை.

வேலையிடத்தில் ஒரு விதி உண்டு. நல்ல கூடங்களை முதலில் பார்க்க வேண்டும். பேன் பிடித்த கூடத்தைக் கடைசியாக. அதன்பின் வேறெந்தக் கூடத்துக்குள்ளும் நுழையாமல் கிளம்பிவிட வேண்டும். அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. கிளம்பி ஒவ்வொரு நாளும் நேராக இங்கேதான் வந்தாள்.

வேறு பேப்பர் எடுத்து, தொங்கிய கோட்டின் கையை அதன்மேல் தட்டினாள்.

"அதுக்கும் நோயா?" அக்கா சிரித்தாள்.

பேப்பரில் இரண்டு புள்ளிகள் நகரத் தொடங்கின.

அவள் கோட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் நின்றாள். "அக்கா, இந்த ஓரத்துச் செடியெல்லாம் இப்பவே வெட்டிப் பையில கட்டணும். நான் இங்கிருந்தே சொல்றேன். இனிமே உள்ள வர மாட்டேன்."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"மாமா, நீங்க உள்ள நல்ல செடி பக்கம் போகாதீங்க."

கத்தரி எடுக்க அவர் ஏற்கெனவே கிளம்பியிருந்தார். ஓரத்துச் செடியின் நூலாம்படை தோளில் ஒட்டியிருக்க, பச்சை வரிசைகளுக்குள் நடந்துகொண்டிருந்தார்.