மலையை விழுங்கிய மெத்தை

தானியக் கிடங்கில் அவருக்கு 'மலை' என்று பெயர். ஒரே தோளில் இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு, நடுவழியில் நின்று ஊர்க்கதையும் பேசுவார். அப்பேர்ப்பட்ட மலை ஒரு மெத்தையைப் பார்த்து நடுங்குகிறது என்றால் எவன் நம்புவான்? அதனால் அவரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மெத்தை, மகள் வாங்கிப்போட்டது. தையல் கம்பெனியில் அவள் முதல் சம்பளம்.

"படுத்துப் பாருப்பா, மேகத்துல மெதக்குற மாதிரி இருக்கும்."

படுத்தார். மேகம் உள்ளே இழுத்தது. முதலில் இடுப்பு போனது, பிறகு தோள். இரண்டு பக்கமும் மெத்தை எழும்பி வந்து காதை அடைத்தது. "ராஜா வீட்டு மெத்தைடா கண்ணு!" என்று சிரித்துவைத்தார். வேர்த்த முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வருஷம் கிடங்கில் சோளக் குவியல் மேல் ஏறி, இறுகிக் கிடந்ததை மிதித்து உடைத்தார். அடியில் வெற்றிடம். சோளம் மார்புவரை அவரை விழுங்கியது. அசைந்தால் இன்னும் இறங்கியது. மூச்சை விட்டால், விட்ட இடத்தில் சோளம் வந்து உட்கார்ந்துகொண்டது. கூட்டாளிகள் வாளி வாளியாக அள்ளித்தான் அவரை மீட்டார்கள். வீட்டில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று முடித்துவிட்டார்.

இந்த மெத்தையை எப்படியாவது கெட்டியாக்கிவிட்டால் குட்டு வெளிப்படாது.

ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், பீரோவுக்குப் பின்னால் கிடந்த பிளைவுட் பலகையை மெத்தைக்கு அடியில் போட்டார். உட்கார்ந்து பார்த்தால் அடி கெட்டி, மேலே அதே கொழகொழ. சரி, பலகையை உறைக்குள்ளேயே, ஃபோமுக்கு மேலே செருகிவிட்டால்? பார்வைக்கு மெத்தை, படுத்தால் தரை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு உறையின் ஜிப்பைத் திறந்தார்.

பலகை பாதியில் மாட்டிக்கொண்டது. கையை விட்டார், எட்டவில்லை. தலையை விட்டார். தோளையும் விட்டார். இடுப்புவரை உள்ளே போனதும் பலகை நழுவி முதுகின்மேல் சாய்ந்தது. முகம் ஃபோமில் புதைந்தது. இருட்டு. அவ்வளவுதான், மெத்தை சோளமாகிவிட்டது. கத்த வாயைத் திறந்தார். வாய் நிறைய ஃபோம். கால் இரண்டும் வெளியே கிடந்து உதறின.

கம்பெனியில் கரண்ட் போய்ச் சீக்கிரம் திரும்பிய மகள், கட்டிலில் இரண்டு கால்களை மட்டும் கண்டாள்.

"ஐயோ, திருடன்!"

விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தியபிறகுதான் அந்தக் குதிகால் வெடிப்பு யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இழுத்தாள்.

"அப்பா! உள்ள என்ன குடித்தனமா வெக்கப் போற?"

வெளியே வந்த முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. உதடெல்லாம் வெளுத்திருந்தது. "சோளம்... சோளம்..." என்றார். திக்கித் திணறி எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் ஜிப்பைச் சுற்றிலும் திறந்து, அவரும் ஒரு கை பிடிக்க, பலகையை ஃபோமுக்கு மேலே வைத்து, மேலே போர்வையை மடித்துப் போட்டு மூடினாள்.

"படு. எறங்குதா?"

"இல்ல."

"இன்னமும் அந்தக் குவியல் மேல ஏறுறியா?"

மலை விட்டத்தைப் பார்த்தார். "நேத்து ஏறுனேன்."

அவள் கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இடுப்புல கயிறு கட்டித்தான?"

"பெல்ட்டு, கயிறெல்லாம் அங்க ஆணியில தொங்குது. மாட்டுனா பசங்க கிண்டல் பண்ணுவானுங்கம்மா."

"நாளைக்கு நீயே மாட்டிக்கோ. இல்லேன்னா நானே வந்து, அத்தன பேர் முன்னாடியும் மாட்டி விடுவேன். மூக்கு வேற சிந்தி விடுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மாட்டிக்கிறேன் கண்ணு. சத்தியமா."

அவள் பிடியை விடவில்லை. அவள் உடம்பு நடுங்குவது, அந்தக் கெட்டிப் பலகை வழியாக அவர் முதுகுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.