அடுப்படியில் ஏறிய நீலம்

வியர்ப்பதற்கு முன்பதிவு செய்ய வேண்டிய நாட்டில் இருக்கிறேன். பின்லாந்தில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சௌனா உண்டு. சூடேற்றிய மர அறை. என் முறை வெள்ளிக்கிழமை சாயங்காலம். துண்டோடு போய் உட்கார்ந்து வியர்த்துவிட்டு வர வேண்டும். நம்மூரில் சொன்னால், "கிறுக்கு புடிச்சிருக்கா?" என்பார்கள்.

எனக்கு வியர்வைதான் பிழைப்பு. அதில் எவ்வளவு உப்புச்சத்து போகிறது என்று காட்டும் காகிதப் பட்டையைச் செய்யும் ஆய்வகத்தில் வேலை. கையில் ஒட்டினால், உப்புக்குத் தக்கபடி நீலம் மேலே ஏறும். வெயிலில் பாடுபடுகிறவர்களுக்கு ஒரு டீ விலையில் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மேலாளர் யுஹானி ஒருநாள், "உங்கள் ஊரில் வியர்வையை எப்படிச் சேகரிப்பீர்கள்?" என்றார். "துண்டால் துடைத்துவிடுவோம்" என்றேன். அவர் முகம் மாறாமல், "பருத்தித் துண்டா?" என்று கேட்டார். நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்து அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. சௌனாவில் சும்மா உட்கார்ந்தவர்களிடம் பட்டை வேலை செய்கிறது. உழைத்து வியர்ப்பவரிடமும் செய்தால்தான் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் என் வேலையும் விசாவும் அதோடு சரி. "எங்கள் ஊரில் வியர்வைக்கா பஞ்சம்!" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு ஜூலையில் விமானம் ஏறினேன்.

ஜூலை! அது குற்றாலச் சாரல் மாதம் என்பதைத் தென்காசிக்காரி ஒருத்தி மறக்கலாமா? ரயிலை விட்டு இறங்கும்போதே சாரல் முகத்தில் அடித்தது. மலையெல்லாம் மேகம். ஊரே குளிர்ந்து கிடந்தது; இதில் யாருக்கு வியர்க்கும்? ஆனாலும் அந்தக் காற்று பட்டதும் சிரிப்பு தானாக வந்தது.

போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் தம்பி இசக்கி, "கவலப்படாதக்கா, நம்ம பயலுவள ஓடவிட்டுக் கூட்டியாரேன்" என்று போனான். வந்தார்கள். ஓட்டம் முடிந்ததும் நேரே குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, பவுடரும் பூசிப் பளபளவென்று வந்தார்கள். "டெஸ்ட்டுன்னா சுத்தமா வரணும்லாக்கா!" என்றான் ஒருத்தன். ஒட்டிய பட்டையெல்லாம் எண்ணெயைக் குடித்துவிட்டு வெள்ளையாகவே நின்றது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், வேறென்ன செய்ய?

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவின் முகத்தில்தான் என்ன ஒரு வெளிச்சம்! "கலர் வரலன்னா இங்கனயே இருந்துருவல்லா?"

"ஆமாம்மா. வேலை போயிரும்லா."

"போனாப் போவுது" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் பஜ்ஜி போடத் திரும்பினாள். எனக்கும் ஒரு நொடி, போனால்தான் என்ன என்றிருந்தது. தட்டுத் தட்டாகப் பஜ்ஜி வந்தது; பயல்கள் வெளுத்துக் கட்டினார்கள். நான் மிச்சப் பட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் துடைக்க முந்தானையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அடுப்புச் சூட்டில் அவள் கையெல்லாம் வியர்வை வழிந்தது.

"ஏட்டி, எடுத்து வைக்காத. இந்தா, என் கையில ஒட்டு."

"கலர் வந்துட்டுன்னா நான் போயிருவேம்மா."

"தெரியும். சீக்கிரம் ஒட்டுட்டி, காஞ்சிரும்."

ஒட்டினேன். நீலம் விறுவிறுவென்று ஏறியது. "வந்துட்டு! அக்கா, வந்துட்டு!" என்று இசக்கி வீடே அதிரக் கத்தினான். அம்மா என்னைவிட உரக்கச் சிரித்தாள். யுஹானிக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டிய போன் ஒரு கையில், அம்மாவின் ஈரக் கை மறு கையில். எதை விட்டால் அனுப்ப முடியும் என்று தெரிந்தும், விடாமல் நின்றுகொண்டிருந்தேன்.