முள்ளை நம்பாத கேப்டன்

“கேபின் ரெடியா?” என்று கதவுப் பக்கம் திரும்பாமலே கேட்கிறார் கேப்டன். “வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன், நீங்க கிளம்புங்க” என்று சமையலறையிலிருந்து பதில் வருகிறது. பயணிகள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். கேப்டன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறார்.

தெருவே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறது. தொழில், பல் செட் செய்வது. வீட்டின் பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர் திரைகள், பழைய வேனில் கழற்றிய இரண்டு சீட்டுகள், பெரிய விமானத்தில் இருப்பதுபோலவே வரிசை வரிசையாகப் பொத்தான்கள். கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பார்க்க ஆறு வருட உழைப்பு. வேகத்தைக் கூட்டும் கைப்பிடிகளுக்கு அவரே வார்த்த குமிழ்கள் மட்டும் அசல் ஈறு நிறம். மேலே வெள்ளைச் சட்டை, டை. கீழே தொளதொள அரைக்கால் சட்டை. “கீழ யாரு பார்க்கப் போறா, தம்பி?” மாடியில் குடியிருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வலது பக்க சீட்டு. அதில் கிடக்கும் பல் அச்சுகளை நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பெரிய கேப்டன் இதுவரை நிஜ விமானத்தில் ஏறியதே இல்லை. முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும். அந்த வீட்டில் பல்பு மாற்றுவது அவர் மனைவிதான்; எனக்கு அவர் அக்கா. கடல் தாண்டிய ஊரில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். டிக்கெட் போட மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் எழுந்துவிட்டார். “அந்த ஊர்ல பனி ஜாஸ்தி. பனியில ஒரு தடவையாவது நான் சுத்தமா இறக்கிடறேன், அப்புறம் போகலாம்.” யாரோ ஓட்டப்போகிற விமானத்துக்கு இவர் எதற்குப் பழக வேண்டும் என்று கேட்டேன். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

போன ஞாயிறு காலை அக்கா கெடு வைத்துவிட்டார். “இன்னிக்கு டிக்கெட் போடலேன்னா நான் மட்டும் போறேன்.”

கேப்டன் பின்னறையில் மகள் ஊருக்குக் கிளம்பினார். திரை முழுக்க வெறும் வெள்ளை. பனியில் கண் உதவாது. தரையிலிருக்கும் ரேடியோ நிலையத்தின் எண்ணைத் திருகி வைத்தால் ஒரு வட்டத்துக்குள் இரண்டு முட்கள் அசையும். ஒன்று இடம் வலம் சொல்லும், மற்றது மேல் கீழ். இரண்டும் நடுவில் நின்றால் ஓடுபாதை நேர் எதிரே. ஆனால் கேப்டன் முள்ளைச் சட்டென்று நம்பிவிட மாட்டார். ஒவ்வொரு நிலையமும் நீட்டியும் குறுக்கியும் தன் பெயரை விசிலடித்துக்கொண்டே இருக்குமாம். அதைக் கேட்ட பிறகுதான் முள். “முள்ளுக்கு என்ன தெரியும்? யாரு கூப்பிட்டாலும் பின்னாலயே போகும். முதல்ல காது, அப்புறம்தான் கண்ணு.” சொந்த மகள் போனில் பேசினாலும் “யாரு பேசறது?” என்று இரண்டு முறை கேட்பவர் அவர்.

இதை அவர் எனக்கு ஐம்பதாவது முறையாக விளக்கிக்கொண்டிருந்தபோது விசில் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. முள் அழகாக நடுவுக்கு நகர்ந்தது.

கத்தியும் கையுமாக அக்கா வாசலில் வந்து நின்றார். “என்னங்க, இது நம்ம பொண்ணு ஊர் சத்தம் இல்லையே? அது கடைசியில நீட்டி முடியும். இது வெடுக்குனு நிக்குது.”

கேப்டன் எண்ணைப் பார்த்தார். ஓர் இலக்கம் தவறியிருந்தது. அது பக்கத்து ஊர் நிலையம், நடுவில் மலை. ஈறு நிறக் குமிழ்களை முன்னால் தள்ளி மேலே ஏறினார், சுற்றி வந்தார், எண்ணைத் திருத்தினார். திரும்பவும் விசில்.

“இதுதான்” என்றார் அக்கா. மூன்று மாதமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

அதற்குப் பிறகுதான் கேப்டன் முள்ளைப் பார்த்தார். கடைசி நொடியில் பனி விலகி விளக்குகள் தெரிந்தன; சக்கரம் பதமாகத் தொட்டது. நான் கைதட்டினேன். அவர் சந்தோஷப்படவே இல்லை. “தனியா வந்திருந்தா இன்னிக்கு மலையில போயிருப்பேன்” என்றார். நாலாவது முறையும் டிக்கெட் தள்ளிப்போகிறது என்றே நினைத்தேன்.

அக்கா போனை நீட்டினார். காலையிலேயே எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறார். கேப்டனின் சீட்டு மட்டும்தான் பாக்கி. ஜன்னலோரம் அக்காவுக்கு. அதை ஒட்டிய கட்டத்தின் மேல் கேப்டனின் விரல் வந்து நின்றது.

“சத்தம் மாறினா சொல்லுவே இல்ல?”

“சொல்றேன், அமுக்குங்க.”

அமுக்கினார். அவருடைய இன்னொரு கை, வெங்காயக் கத்தி பிடித்திருந்த அக்காவின் மணிக்கட்டை விடவே இல்லை.